பிஸ்கட் சுட்ட யோஹெய்

மார்ச் பதினான்கு, ஜப்பானில் பிப்ரவரியில் சாக்லேட் தந்த பெண்ணுக்குப் பையன் பதில் பரிசு தந்தே ஆகவேண்டிய நாள். தனக்குச் சாக்லேட் தந்த வகுப்புத் தோழி சினாட்சு, மொத்தம் பதினோரு பேருக்குத் தந்தாள் என்பதை யோஹெய் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கியோத்தோவின் மாலை வெயில் சமையலறை மாவுத்தூளில் மிதக்கிறது. தானே வாணலியில் சிவக்க வறுத்து இடித்த ஹோஜிச்சாத் தேயிலையைப் போட்டுச் சுட்ட பிஸ்கட்டுகளைப் பையில் அடுக்கி நாடா கட்டுகிறான்; முடிச்சு மூன்றாவது தடவையும் கோணுகிறது. குளிர்பெட்டியில் சாய்ந்து நிற்கும் அக்கா மிஸுயே, “டேய், மிட்டாய் குடுத்தா காதல், பிஸ்கட் குடுத்தா வெறும் நட்பு. ஊருக்கே தெரியும்” என்கிறாள். “அவளுக்கு ஹோஜிச்சான்னா உசுரு, அக்கா.” “அதுக்காக உன் காதலுக்கு நீயே டாட்டா காட்டிக்குவியா?” வாசல் மணி அடிக்கிறது. சினாட்சு வாசலில் நின்றபடியே அவன் நீட்டிய பையைப் பிரிக்கிறாள். இறுகியிருந்த அவள் தோள்கள் தளர்கின்றன. “பிஸ்கட்டா! அப்பாடா. மிட்டாயா இருந்தா எப்படி வேணாம்னு சொல்றதுன்னு வழியெல்லாம் பயந்துட்டே வந்தேன் யோஹெய்.” நிம்மதியாக ஒன்றைக் கடிக்கிறாள். “பிரமாதம். கசப்பே இல்ல.” யோஹெய் இடுப்பு வளைத்து நன்றி சொல்கிறான். உள்ளே, இரண்டாவது தட்டு பிஸ்கட்டும் தயார் என்று அடுப்பு உற்சாகமாக மணியடிக்கிறது.