மண்டையோட்டுப் பூச்சி

கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் பின்முற்றத்துச் சுவரில் பெரியதொரு பூச்சி இருந்தது. உடுப்பு வாளியோடு வந்த சுகிர்தா அப்படியே நின்றுவிட்டாள். சண்டையில் தரைப்பாதை பூட்டியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி அக்கா வீட்டுக்கு வந்து ஒரு கிழமைதான்.

"அசையாதை சுகி, பறந்திடும்!" அக்காவின் கணவர் நவரஞ்சன் ஆவலோடு கிட்டப் போனார். "முதுகில மண்டையோடு! இது ஹோக் மொத் எண்டுற அந்துப்பூச்சி. பிடிச்சால் கீச்செண்டு கத்தும். இங்கிலிஸ் பேய்ப்படப் போஸ்டருகளில வாறது இதுதான்."

சுகிர்தா அசையவேயில்லை.

"சாவு வருமெண்டு சும்மா கதை கட்டிவிட்டிருக்கிறாங்கள். வா, பார்."

"பூச்சிக்குப் பயமில்லை அத்தான்."

"பிறகென்ன?"

"எங்கட பக்கம் மண்டையோட்டுப் படம் கண்டால் அங்க மிதிவெடி. வந்த காலடித் தடத்திலேயே கால் வைச்சுப் பின்னுக்குப் போகவேணும்."

"அப்ப நீ போவன்," என்று சிரித்தார் நவரஞ்சன்.

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீமெந்தில என்ர காலடி தெரியேல்லையே, அத்தான்."