பிட் வாங்கப் போன நேரம்

"அச்சனே, எனக்க வீட்டுக்காரியைக் கொஞ்சம் கண்டிக்கணும்."

சபைக் கமிட்டி முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். அத்தனை பேர் காதிலும் விழும்படி ராபின்சன் இதைச் சொன்னார். போதகர் சுந்தரதாஸ் அச்சன் திகைத்துப் போனார்.

"புஷ்பபாயையா? என்ன செய்தா?"

"மெஷின் ஓடும்போ மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுதா. ஒரு தடவை இல்ல, ஏழு தடவை ஆக்கும்!"

ராபின்சன் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மே மாதம் ஓய்வு பெற்றார், ஜூனில் ஒரு சிஎன்சி ரூட்டர் வாங்கினார். கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் கொடுத்தால், பிட் என்கிற சுழலும் முனையை வைத்து அதே டிசைனைப் பலகையில் தானாகவே செதுக்கும் மெஷின். தானாகவே என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. முதல் வாரம் அது பலகையைத் துளைத்து, அடியிலிருந்த மேசையையும் சேர்த்துத் துளைத்தது.

அதற்குள் மனிதர் சபையில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்துவிட்டார். பிரசங்க பீடத்தின் முன்பக்கத்துக்குத் திராட்சைக்கொடி செதுக்கித் தருவாராம். அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் ஒன்பது நாள்தான். ஆலய முற்றத்துப் பலாவை அறுத்த நாலு பலகையில் மூன்று பாழாகிவிட்டது. இந்தக் கடைசிப் பலகையும் கெட்டால் சபையில் தலைகாட்ட முடியாது.

"பாதி வெட்டில கரண்டு போனா பலகை கெடாதா? ராத்திரி பகலா யூடியூப் பாத்துப் படிச்சவன் நான். தையல் கடையில நூல் கோத்தவளுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்?"

கமிட்டித் தலைகள் ஆடின. கர்த்தருடைய வேலைக்கே ஒரு பெண்பிள்ளை தடையா? அச்சன் நேரில் போய்க் கண்டிக்க வேண்டும் என்று தீர்மானம் போடாததுதான் குறை.

மறுநாள் காலை அச்சன் குளத்தூரில் இருக்கும் ராபின்சன் வீட்டுக்குப் போனார். ராபின்சன் இல்லை. ஆனால் பின்பக்க ஷெட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தார். பலாப் பலகையில் திராட்சைக்கொடி இலை இலையாக எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புஷ்பபாய், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, காதைச் சாய்த்து மெஷின் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்.

அச்சனைக் கண்டதும் பதறிப் போய் மெஷினை நிறுத்தினாள்.

"அச்சனே, ஆருட்டயும் சொல்லிராதீங்க."

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"நெய்யாற்றின்கரையில பதினேழு வருஷம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஓட்டினேன். இதும் அதுபோலத்தான். அங்க துணியை வளையத்தில இறுக்கணும், இங்க பலகையைக் கிளாம்பில இறுக்கணும். எங்க தொடங்கணும், எவ்வளவு ஆழம் இறங்கணும்ணு முதல்ல சரியாட்டு சொல்லிக் குடுக்கணும். ஊசி ஒடியும் முன்ன சத்தம் மாறும். பிட்டும் அப்படித்தான்."

"அப்ப அந்த மெயின் சுவிட்சு?"

"பின்ன என்ன செய்ய? பிட்டு கிளாம்பில முட்டப் போவுது, இவர் போனைப் பாத்துட்டு நிக்காரு. தெறிச்சா கண்ணு போவும். வாயால சொன்னா கோவம் வருது."

"இப்ப ஆள் எங்க?"

"புது பிட் வாங்கத் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்குப் போயிருக்காரு. வர சாயங்காலம் ஆவும். அதுக்குள்ள முடிச்சிருவேன்."

"வந்து பார்த்தா கேக்க மாட்டாரா?"

"'நீங்க தொடங்கி வச்சிட்டுப் போனது தானா வெட்டி முடிச்சிட்டு'ண்ணு அவருட்ட சொல்லுவேன். நம்பிருவாரு. பாவம் அச்சனே, ரிட்டயர் ஆன பிறகு அவருக்குண்ணு இது ஒண்ணுதான் உண்டு. இதும் இல்லேண்ணா மனுசன் ஒடிஞ்சு போவாரு."

அச்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்டிக்க வந்தவர், ஜெபம் பண்ணிவிட்டுத் திரும்பினார்.

பண்டிகையன்று திராட்சைக்கொடியைப் பார்த்துச் சபையே வாய் பிளந்தது. ராபின்சனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

"வீட்டில எத்தனையோ தடை வந்தது. ஆனாலும் நான் தளரல."

பெண்கள் பக்கத்திலிருந்து புஷ்பபாய்தான் பலமாகக் கை தட்டினாள். அச்சன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரமே ஒரு பென் டிரைவோடு அச்சன் ராபின்சன் வீட்டு ஷெட்டுக்குப் போனார்.

"பாடகர் குழுவுக்கு ஒரு புறா டிசைன் வேணும் ராபின்சன். இப்ப என் முன்னாலயே வெட்டுங்க, பார்க்க ஆசையா இருக்கு."

ராபின்சன் பென் டிரைவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதுக்கென்ன அச்சனே, வெட்டிரலாம்... ஆனா பிட் தீந்து போச்சே. சாலைக் கம்போளத்துக்குப் போவணும்."

"சரி, அளவையாவது எழுதித் தந்துட்டுப் போறேன்" என்று அச்சன் பென்சிலுக்காக மேசை இழுப்பறையைத் திறந்தார்.

உறையே பிரிக்காத புது பிட்டுகள் இழுப்பறை நிறையக் கிடந்தன.

ராபின்சன் மெல்லக் கை நீட்டி இழுப்பறையை மூடினார். அச்சன் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டார். பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகித் திறந்துவிட்டு, அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"புஷ்பம், நான் பிட் வாங்கப் போறேன். வர சாயங்காலம் ஆவும். டிசைனைத் திறந்து வச்சிருக்கேன், பலகையும் பக்கத்திலயே உண்டு. எதையும் தொட்டிராத, கேட்டியா!"