ஆசியா பீவியின் அறுபத்து மூன்று குறைகள்

"இவ ஒரு பொய்க்காரி. சந்தேகமே இல்ல" என்றார் ஸ்ரீகரன்.

அருந்ததி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

மலேசியக் கல்லூரி ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்காக, விரிவுரையாளர்களான அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதிய சமூகவியல் பாடநூல் அது. இணையத்தில் இலவசம். யாரும் படிக்கலாம், யாரும் குறை சொல்லலாம். பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்தால் போதும்.

ஒரே மாதத்தில் அறுபத்து மூன்று குறைகள் வந்திருந்தன. அத்தனையும் ஒரே பெயரில். ஆசியா பீவி.

ஸ்ரீகரன் உரக்கப் படித்தார்.

"பக்கம் ஒன்பது. குடும்பம்னா அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைன்னு படம் போட்டிருக்கீங்க. நான் பைராம் தோட்டத்துல அத்தைகிட்ட வளர்ந்தேன். எங்க வீடு எங்கே?"

"அடுத்தது சார்?"

"பக்கம் இருபது. நான் படிச்சது சீனப் பள்ளிக்கூடம். இந்த மலாய்ச் சொல்லுக்கு விளக்கம் வேணும். பக்கம் நாற்பது. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும். இந்த வரைபடத்துல எது ஆண், எது பெண்?"

அவர் சிரித்துவிட்டார்.

"தோட்டத்துல வளர்ந்தாளாம், சீனப் பள்ளிக்கூடத்துல படிச்சாளாம், கலரும் தெரியாதாம். எத்தனை ஜென்மம் எடுத்தா இவ? எல்லாத்தையும் அழிச்சிடு, அருந்ததி. வெள்ளிக்கிழமை பாடநூல் கமிட்டி கூடுது. இத்தனை குறை தொங்கிக்கிட்டு இருந்தா புத்தகத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் பிள்ளைங்க இந்த வருஷமும் அவ்வளவு விலை கொடுத்து வெளிநாட்டுப் புத்தகத்தைத்தான் வாங்கணும்."

"இந்தப் பேர்ல நம்ம வகுப்புல ஆளே இல்ல சார். 'புரியுதா'ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுறாங்க. ஒருத்தர்கூட கை தூக்கினதில்ல."

"அப்போ புத்தகம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்!"

அழிப்பதற்கு முன் அந்தப் பெண்ணை நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று அருந்ததிக்குத் தோன்றியது. தன் அறைக்குப் போய் அந்த எண்ணை அழைத்தாள்.

"யாரு லா?" என்றது ஒரு குரல். பின்னால் கண்ணாடிக் குவளைகளின் சத்தம்.

"ஆசியா பீவியா? நான் விரிவுரையாளர் அருந்ததி."

"அட, மிஸ்ஸா! கீழ வாங்க. கேன்டீன்லதானே இருக்கேன்."

கேன்டீனில், தே தாரேக் என்ற நுரை பொங்கும் பால் தேநீரை ஆற்றுகிற அக்கா கைபேசியை உயர்த்தி ஆட்டினார்.

அருந்ததி அப்படியே நின்றுவிட்டாள். மூன்று வருடமாகத் தினமும் இவர் கையால்தான் தே குடிக்கிறாள். "அக்கா" என்று கூப்பிட்டே பழகிவிட்டது. பெயரைக் கேட்டதே இல்லை.

"நீங்களா அக்கா அத்தனை குறையும் எழுதினது?"

"நானா! நான் ஆறாம் வகுப்போட நிப்பாட்டினவ. பேர் மட்டும்தான் என்னோடது."

"அப்போ எழுதினது?"

"உங்க பிள்ளைங்கதான்."

ஆசியா பீவி இரண்டு குவளைகளுக்கு இடையே தேயை நீளமாக இழுத்து ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"முதல்ல ஒரு பொண்ணு வந்து உட்கார்ந்தா. போன்ல எழுதுறா, அழிக்கிறா, எழுதுறா, அழிக்கிறா. என்னம்மான்னு கேட்டேன். 'புரியலன்னு போட்டா மிஸ் என்னை மக்குன்னு நினைப்பாங்க அக்கா'ன்னா. 'என் பேர்ல போடு லா, எனக்கு மார்க்கா குறைக்கப் போறாங்க?'ன்னேன். மறுநாள் அவ கூட்டாளி வந்தா. அப்புறம் வரிசை. என் போன் அந்த மூலையில சார்ஜ் ஏறிக்கிட்டு கிடக்கும், அவங்களே எடுத்து எழுதிக்குவாங்க. ஒரு முப்பது பேர் இருக்கும்."

"யார் யாருன்னு சொல்லுங்களேன்."

"சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க மிஸ். ஆனா தேயைக் குடிச்சிட்டுத் திட்டுங்க, ஆறிடும்."

அருந்ததிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். அத்தை வீடு, தாத்தா வீடு, அம்மா மட்டும் இருக்கும் வீடு என்று ஒன்பதாம் பக்கத்தில் படங்கள் கூடிக்கொண்டே போயின.

ஸ்ரீகரன் கைபேசியில் அழைத்தார். "அழிச்சாச்சா?"

"இல்ல சார், திருத்திக்கிட்டு இருக்கேன். எல்லாமே நம்ம பிள்ளைங்க கேட்டது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. ரெண்டு பேரும் உட்கார்ந்தா முடிச்சிடலாம். கேன்டீனுக்கு வாங்க."

"சரி, வர்றேன். எனக்கும் ஒரு தே சொல்லி வை."

அருந்ததி கைபேசியை வைத்தாள். படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, அவர் வர்றதுக்குள்ள உங்க போனைக் கொஞ்சம் தாங்க. நாலாம் பாடம் அவர் எழுதினது... எனக்கே புரியல."