கவுன்சிலரின் வாய்

“பேச்சு முன்னால வரட்டும், உதடு கொஞ்சம் பின்னால வரட்டும் தம்பி” என்றார் இளவரசன்.

பிலோமின்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவன் அவன். செத்துப்போன அப்பாவைக்கூட ஏஐ வீடியோவில் மேடையேற்றி மணமக்களுக்கு ஆசீர்வாதம் பண்ண வைத்துவிடுவான். அவனிடம் வந்து பிசகாகச் செய்யச் சொல்கிறார் மனிதர்.

“சுத்தமாவே ஒட்டித் தரேங்க.”

“வேணாம். வாட்ஸ்அப்புல எவன் உத்துப் பார்க்கப் போறான்?”

திரையில் வார்டு கவுன்சிலர் நவநீதன் பேசினார். “ஓட்டுக்குக் காசு வாங்கின நாய்ங்களுக்குச் சாக்கடைத் தண்ணி போதும்டி.” இளவரசன் கொடுத்த வசனம். யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. தேர்தலில் நவநீதனை எதிர்த்து நிற்பவரின் ஆள் என்று பிலோமின்ராஜே எடுத்துக்கொண்டான். இவ்வளவு கேவலமாகக்கூடக் கற்பனை ஓடுமா என்று தோன்றியது.

வேறு யாரைப் பற்றிக் கேட்டிருந்தாலும் வெளியே போகச் சொல்லியிருப்பான். எடமலைப்பட்டி புதூரில் அவன் தெருக் குழாயில் மாதக்கணக்காகச் சாக்கடை கலந்து வருகிறது. மகள் மஞ்சள் காமாலையில் படுத்திருக்கிறாள். நவநீதன் மறுபடி ஜெயித்தால் அந்தத் தண்ணீர்தான் கதி. என்றாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான்.

மறுநாள் காலையில் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட உதட்டைக் காட்டிப் போலி என்று சிரித்தார்கள். நவநீதன் மைக் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பிலோமின்ராஜுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மனைவி அமலி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

“தெரு குரூப்புல நவநீதன் வீடியோ போட்டேங்க. இதுவும் ஏஐதான்னு சிரிக்கறாங்க.”

“அது போலிதானே அமலி. விடு.”

“காலையில வந்தது போலி. இது நான் எடுத்தது. போன வாரம் பொம்பளைங்கல்லாம் தண்ணி கேட்டுப் போனோம்ல, அப்பப் பேசினான். சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல. தேர்தலுக்கு முன்னாடி நாள் போடலாம்னு இன்னைக்கு வரைக்கும் வெச்சிருந்தேன்.”

போனை வாங்கிப் பார்த்தான். அதே நாய், அதே சாக்கடை. உதடு மட்டும் பிசகவில்லை. நவநீதனுக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவர் இளவரசன்.

அமலி அந்த முகத்தின் மேல் விரலை வைத்தாள்.

“நான் எடுக்கறதை இந்த ஆளு பார்த்துட்டான்.”