பத்தாவது ஆள்

“இடுப்பு விட்டுப்போச்சு நிம்ரோத். இந்தக் குட்டி முக்காலியைக் கண்டுபிடிச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்...”

“துக்க வீட்டுல சாபம் விடாதீங்க தலைவரே,” என்றான் செயலாளர் நிம்ரோத்.

கட்சித் தலைவர் அவ்னேர், யூதர்களின் துக்க வழக்கப்படி, கிழித்துவிட்ட சட்டையும் மழிக்காத தாடியுமாகத் தரையை ஒட்டிய முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா, பேராசிரியர் எல்கானா, தொண்ணூற்றாறு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். நாளைக் காலையோடு ஏழு நாள் துக்கம் முடிகிறது. ஜெருசலேமில் அந்த வீட்டுக் கூடம் முழுக்கப் புத்தகங்கள். துக்க வீடென்று கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

நேற்றுவரை நிற்க இடமில்லை. இன்று நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. கட்சிக்காரர்கள் கேக்கை மென்றுகொண்டே கிளம்பிவிட்டார்கள்.

“இப்ப எத்தனை பேர் இருக்கோம்?”

“உங்களையும் சேர்த்து ஒன்பது.”

“பத்து ஆம்பளை இல்லாம அப்பாவுக்குக் காதிஷ் சொல்ல முடியாதேடா. பொழுது வேற சாயுது. இனிமே அவருக்கு நான் செய்ய முடிஞ்சது அந்த ஒரு ஜெபம்தான். ஓடு, யாரையாவது புடிச்சுட்டு வா.”

“கூட்டம்னா லட்சம் பேரைத் திரட்டுறோம். ஜெபத்துக்கு ஒரு ஆளுக்குப் பஞ்சம்!” என்று முனகியபடியே நிம்ரோத் தெருவில் இறங்கினான்.

எதிரே பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் இந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். துறைமுகத்து ஆட்கள் போடும் தடித்த மேல்சட்டை. நகக்கண்ணில் கிரீஸ்.

“ஐயா, நீங்க யூதர்தானே? பத்தாவது ஆளா ஒரு கால்மணி நேரம் வந்து நில்லுங்க. புண்ணியமாப் போகும்.”

“நான் வந்தா சரிப்படுமாப்பா?”

“தலைதானே கணக்கு, சட்டையா கணக்கு? வாங்க.”

பெரியவர் உள்ளே வந்து, விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். துக்கக்காரர் முதலில் பேசும்வரை, வந்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கம். அவ்னேரோ அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

நிம்ரோதுக்கு மானம் போயிற்று. ஓட்டுக் கேட்கும்போது தெருநாயைக்கூட நலம் விசாரிக்கிற மனுஷன். கூப்பிட்டதும் வந்த உழைப்பாளிக்கு ஒரு வார்த்தை இல்லையா?

“கோச்சுக்காதீங்க ஐயா, அப்பா போன வருத்தம்,” என்று காதோடு சொன்னான். பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜெபம் தொடங்கியது. காதிஷ் வந்ததும் அவ்னேர் எழுந்து முன்னால் போனார். ஆனால் தொடங்கவில்லை. பெரியவர் பக்கம் திரும்பினார்.

“நீயும் வந்து என்கூடச் சொல்லு.”

“தலைவரே, அவர் வழியில போனவர்,” என்றான் நிம்ரோத் பதறிப்போய். “அப்பாவுக்குப் பெத்த புள்ளை சொல்றதில்லையா அது?”

“புள்ளைதான். என் அண்ணன் ஆசேர்.”

பெரியவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“வேற மதத்துப் பொண்ணைக் கட்டினேன்னு அப்பா சட்டையைக் கிழிச்சுக்கிட்டு, இதே கூடத்துல எனக்கு ஏழு நாள் துக்கம் காத்தப்ப, பக்கத்துல நீதானேடா உட்கார்ந்திருந்தே? இந்த வீட்டுல நான் செத்து முப்பது வருஷமாச்சு. செத்தவன் எப்படி அப்பாவுக்குச் செய்வான்? நீ சொல்லு, நான் ஆமென் போடுறேன். என் கடன் பாக்கியாவே இருந்துட்டுப் போகட்டும்.”