முகம் தெரியாத சாட்சி

“பாறை முனையிலேருந்தா? உங்களுக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? அங்கேருந்து கோயிலுக்குப் பன்னெண்டு கிலோமீட்டர்!”

சாப்பாட்டு மேஜையில் கிடந்த பாதயாத்திரை விண்ணப்பத்தைக் கரண்டிக் காம்பால் தட்டினாள் ஸ்டோர் கீப்பரின் மனைவி. கடலோரமாக நடந்து கோயிலுக்குப் போகும் அந்த யாத்திரையை மூன்று இடங்களிலிருந்து தொடங்கலாம். படகுத்துறையிலிருந்து மூன்று கிலோமீட்டர். கலங்கரை விளக்கத்திலிருந்து ஏழு. பாறை முனையிலிருந்து பன்னிரண்டு. எங்கிருந்து நடந்தாலும் புண்ணியம் ஒன்றுதான் என்று விண்ணப்பத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.

“மாடி ஏறவே மூணு தடவை உட்காருவீங்க. பேசாம படகுத்துறைன்னு எழுதுங்க.”

“படகுத்துறையில பாதி ஆபீஸ் நிக்கும்டி. என்ன வேண்டுதல்னு எவனாவது கேட்டா என்னன்னு சொல்றது?”

“உள்ளதைச் சொல்லுங்க. மேனேஜர் தொலைஞ்சா நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டேன், தொலைஞ்சுட்டார்னு.”

ஸ்டோர் கீப்பர் அவசரமாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். நல்லவேளை, தெருவில் யாரும் இல்லை.

தினமும் ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மீட்டிங் போடுகிற அந்த மேனேஜரைப் பற்றி அவர் வேண்டிக்கொண்டது போன மாதம்தான். முப்பதே நாளில் மாற்றல் வந்துவிட்டது. கடவுளின் வேகத்தைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பயம். வழியனுப்பு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதவரும் அவர்தான். சும்மா அழவில்லை. மேனேஜர் போனது தலைமை அலுவலகத்துக்கு. இவருடைய பதவி உயர்வுக் கோப்பு கிடப்பதும் அங்கேதான். விஷயம் கசிந்தால் ரிட்டயர் ஆகும்வரை ஸ்டோரிலேயே கிடக்க வேண்டியதுதான்.

“சீட்டுல வேண்டுதலை மறைக்காம எழுதணுமாம். கூட நடக்கிறவர் படிச்சுட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம். நான் படகுத்துறையிலேருந்துதான் வருவேன். பாறை முனையில உங்களுக்கு யாரு சாட்சி?”

“முகம் தெரியாத எவனாவது வருவான். அவனுக்கு என் மேனேஜரைத் தெரியவா போகுது?”

“எப்படியோ போங்க. கால் வீங்கினா என்கிட்டத் தைலம் கேட்காதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை. பாறை முனையில் ஈ காக்கை இல்லை. ஒரு மேஜை, பதிவு செய்யும் அம்மாள், அவ்வளவுதான். ஸ்டோர் கீப்பருக்கு வாயெல்லாம் பல்.

“தனியா அனுப்ப மாட்டோம், பாறை வழுக்கும். இன்னொருத்தர் வரட்டும்,” என்றாள் அந்த அம்மாள். “இதோ, வந்துட்டாரே!”

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு திருடன் மாதிரி வந்தவர் நிமிர்ந்தார். மேனேஜர்!

“சார்! நீங்களா?”

மேனேஜரின் முகமும் வெளுத்துப் போயிற்று. “நீங்க எங்கேய்யா இங்கே? எல்லாரும் படகுத்துறைக்கில்ல போவாங்க?”

“கூட்டம் எனக்கு ஒத்துக்காது சார்.”

“எனக்கும்தான். ஆமா, என்ன வேண்டுதல்?”

“உங்க... உங்க நல்லதுக்குத்தான் சார்.”

“சீட்டை மாத்திக்குங்க,” என்றாள் அம்மாள். “படிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் கிளம்பலாம்.”

ஸ்டோர் கீப்பர் சட்டென்று கையைப் பைக்குள் விட்டார். பைக்குள்ளேயே சீட்டைக் கசக்கினார். கடலில் வீசிவிடலாமா? வாயில் போட்டு விழுங்கிவிடலாமா? ஒன்றும் ஓடவில்லை. நேரம் கடத்துவதற்காக, “முதல்ல உங்களுது சார்,” என்று கையை நீட்டினார்.

மேனேஜர் நெளிந்தார். “அது கொஞ்சம் சொந்த விஷயம். படிக்காமலே போட்டுடுங்களேன்.”

“படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்லையே சார். உங்களுக்குத் தெரியாதா?”

பழக்கதோஷம், நாக்கு முந்திக்கொண்டது. அவருடைய ஸ்டோரில் பேனாவுக்குப் புது ரீஃபில் வேண்டுமென்றால் தீர்ந்த ரீஃபிலை ஒப்படைத்துவிட்டு, மூன்று பிரதியில் எழுதியும் கொடுக்க வேண்டும். மேனேஜரானாலும் அதுதான் சட்டம்.

மேனேஜர் பெருமூச்சு விட்டபடி சீட்டைக் கொடுத்தார்.

‘வேண்டிக்கொண்டது: மூன்று வருடங்களுக்கு முன்பு. வேண்டுதல்: ஒரு ரீஃபிலுக்கு மூன்று பிரதி கேட்கும் இந்த ஸ்டோர் கீப்பரிடமிருந்து காப்பாற்றி என்னை வேறு எங்காவது மாற்றிவிட்டால், இருப்பதிலேயே நீளமான வழியில் நடந்தே வருகிறேன்.’

ஸ்டோர் கீப்பர் இரண்டு தடவை படித்தார். கடவுள் காது கொடுத்தது தன் பேச்சுக்கு இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கையெழுத்தைப் போட்டார். கசங்கிய தன் சீட்டை எடுத்து நீவிவிட்டு, பேனாவையும் சேர்த்து நீட்டினார்.

“நீங்களும் படிச்சுட்டே போடுங்க சார். பேனாவை மட்டும் மறக்காமத் திருப்பிக் குடுத்துடணும்.”