கூப்பிடக் கூடாத பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, சின்னக் கதைதான். மரகதவல்லியின் மகனைச் சுட்டுக் கொல்லச் சொன்னவர் அவள் நாட்டின் அதிபர். அவள் தொடுத்த வழக்கில், பதவியில் இருக்கும்வரை அவரை நீதிமன்றம் அழைக்கக்கூடாது என்று ஒருநாள் காலை தீர்ப்பானது. வாசலில் நின்று மூன்று முறை பெயர் கூப்பிடும் டவாலி ஏகாம்பரத்திடம் அவள் போனாள்.

“ஒரே ஒரு தடவை அந்த அதிபன் பேரைக் கூப்பிடுய்யா. வராட்டிப் போறான்.”

“வேலை போயிடும்மா. உன் மகன் பேரைச் சொல்லு, கூப்பிடறேன். அதுக்கு இன்னும் தடை போடலை.”

சொன்னாள். ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார்.

“இளமாறன்! இளமாறன்! இளமாறன்!”

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மூன்றாவது அழைப்பில் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கதவோரம் ஒதுங்கி வழிவிட்டு நின்றாள்.

உங்கள் வீட்டில் யார் பெயரைக் கூப்பிட்டாலும், உள்ளேயிருந்து “இதோ வந்துட்டேன்” என்று குரல் வரட்டும்.